கிரெட்டாவா, கிராண்ட் விட்டாராவா? முதல் முறை எஸ்யூவி வாங்கும் குடும்பத்துக்குப் படிப்படியாக

தங்கை வீட்டுக்காரர் நாமக்கல்லில் இருக்கிறார். போன தீபாவளி முடிந்த கையோடு போன் செய்தார். "மச்சான், பழைய ஹேட்ச்பேக்கைக் குடுத்துட்டுப் பெரிய வண்டி ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். கிரெட்டாவா, கிராண்ட் விட்டாராவா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

முதலாவது ஹூண்டாய் வண்டி, இரண்டாவது மாருதி சுசூகி வண்டி. ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். வேறு இரண்டு வண்டிகளுக்கு நடுவே நீங்கள் திண்டாடினாலும் இதே வழி உதவும்.

படி 1: யூடியூபை மூடிவிட்டு ஓடோமீட்டரைப் பாருங்கள்

வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? பெரும்பாலானவர்கள் குத்துமதிப்பாக "இருபதாயிரம் வரும்" என்பார்கள். மாப்பிள்ளையும் அப்படித்தான் சொன்னார். பழைய வண்டியின் சர்வீஸ் பில்களை எடுத்து வைத்துக் கழித்துப் பார்த்தால் வருடம் 8,000 சொச்சம்தான். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் அச்சாகியிருக்கும். இரண்டு வருட பில் போதும்.

அடுத்து, அந்த ஓட்டம் எந்த மாதிரி ஓட்டம் என்று பாருங்கள். தினமும் பள்ளிக்கூடம், கடைவீதி என்று நாலு கிலோமீட்டர் போய்த் திரும்புவதா, அல்லது வாரம் ஒரு முறை நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டரா? வண்டியில் யார் யார் உட்காருவார்கள்? மாப்பிள்ளை வீட்டில் ஐந்து பேர். அவர், தங்கை, இரண்டு பிள்ளைகள், மூட்டு அறுவை செய்துகொண்ட அத்தை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் மறந்துபோகும்.

படி 2: பெயரை விடுங்கள், எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள்

வெளி அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிரெட்டா 4,330 மில்லிமீட்டர் நீளம், கிராண்ட் விட்டாரா 4,345. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம், முறையே 2,610, 2,600. உங்கள் வீட்டு போர்டிகோவில் ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். பானெட்டுக்குள்தான் உண்மையான வேறுபாடு.

கிரெட்டா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிற வண்டி. 2015-இல் வந்தது, 2024 ஜனவரியில் முகம் மாறியது. மூன்று எஞ்சின்கள், எல்லாமே 1.5 லிட்டர். 115 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு) சாதாரண பெட்ரோல், 160 பிஎஸ் டர்போ பெட்ரோல், 116 பிஎஸ் டீசல்.

கிராண்ட் விட்டாரா 2022 செப்டம்பரில் வந்தது. மாருதி வண்டிதான் என்றாலும் டொயோட்டாவின் பிடதி ஆலையில் தயாராகிறது. டொயோட்டா ஷோரூமில் ஹைரைடர் என்ற பெயரில் நிற்பதும் அடிப்படையில் இதே வண்டிதான். ஒரு இடத்தில் காத்திருப்பு நீளமாக இருந்தால் மற்ற இடத்தில் விசாரித்துவிடுங்கள்.

இங்கேதான் புதிதாக வாங்குபவர்கள் வழுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. கிராண்ட் விட்டாராவில் "ஹைப்ரிட்" என்ற சொல் இரண்டு விதமாக வரும். ஸ்மார்ட் ஹைப்ரிட் என்பது 103 பிஎஸ் பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சின்ன மோட்டார் கைகொடுப்பது, அவ்வளவுதான். மின்சாரத்தில் மட்டும் வண்டி நகராது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் என்பது வேறு ஜாதி. மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினோடு, சக்கரத்தைத் தானே சுழற்றக்கூடிய 80 பிஎஸ் மோட்டார். இரண்டும் சேர்ந்து 116 பிஎஸ். நெரிசலில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் அணைந்து வண்டி சத்தமில்லாமல் போகும். பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் பேட்டரி தானே சார்ஜ் ஆகிவிடும். வீட்டில் ஒயர் செருக வேண்டியதில்லை, செருகவும் முடியாது. நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அந்த எண் ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு மட்டும். "இருபத்தெட்டு குடுக்கும் சார்" என்று சொல்லி ஸ்மார்ட் ஹைப்ரிடைக் காட்டிய ஒரு விற்பனையாளரை நான் நேரிலேயே பார்த்தேன். எந்த ஹைப்ரிட் என்று எழுத்தில் கேளுங்கள்.

டீசல் பற்றியும் ஒரு வார்த்தை. நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலை பக்கத்து வீடு மாதிரி. 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடும் மூட்டைகளோடும் ஏறும்போது, கிரெட்டா டீசலின் 250 என்எம் இழுவை தனி சுகம். 137 என்எம் ஸ்மார்ட் ஹைப்ரிட் அங்கே மூச்சு வாங்கும். ஆனால் தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் டீசல் பக்கமே போகாதீர்கள். புகைபோக்கியில் டிபிஎஃப் என்றொரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரி எரிந்து வெளியேற, வண்டி நல்ல வேகத்தில் நிற்காமல் சிறிது தூரம் ஓடவேண்டும். கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடினால் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும்.

படி 3: மைலேஜ் ஆசைக்கு ஒரு கால்குலேட்டர்

ஸ்ட்ராங் ஹைப்ரிட் விலை கூடுதல். அந்தக் கூடுதல் திரும்பி வருமா என்று பார்ப்போம். கணக்குக்காக ஊருக்குள் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் லிட்டருக்கு 13, ஸ்ட்ராங் ஹைப்ரிட் 21 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய்.

வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடினால் முதல் வண்டிக்கு 1,154 லிட்டர், இரண்டாவதுக்கு 714 லிட்டர். மிச்சம் சுமார் 44,400 ரூபாய். ஆன்-ரோடு விலையில் (வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்தது) 3 லட்சம் வித்தியாசம் இருந்தால் ஏழு வருடத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். மாப்பிள்ளை மாதிரி 8,000 கிலோமீட்டர்தான் என்றால் மிச்சம் 23,700 ரூபாய். வருடம் பன்னிரண்டரைக்கு மேல் ஆகும்! உங்கள் ஊர் பெட்ரோல் விலையையும், நீங்கள் ஒப்பிடும் இரண்டு வேரியன்ட்டுகளின் வித்தியாசத்தையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

பேட்டரி போய்விட்டால் என்ற பயத்தை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வாரண்டி உண்டு.

படி 4: டிக்கியைத் திறக்கச் சொல்லுங்கள், பெட்டியோடு போங்கள்

கிரெட்டாவின் டிக்கி 433 லிட்டர். கிராண்ட் விட்டாரா ஸ்மார்ட் ஹைப்ரிடில் 373. ஸ்ட்ராங் ஹைப்ரிடில் பேட்டரி பின்னால் உட்கார்ந்துகொள்வதால் சுமார் 260 லிட்டர்தான் மிஞ்சும்.

லிட்டர் கணக்கு யாருக்கும் மனதில் நிற்காது. அதனால் வீட்டிலிருக்கும் பெரிய டிராலி பெட்டியையும், அத்தையின் வாக்கரையும் எடுத்துக்கொண்டு போனோம். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். ஹைப்ரிடில் பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் வாக்கரை மடித்து வைத்ததும் டிக்கி நிறைந்துவிட்டது. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் பானை, வாழைத்தார், ஐந்து பேர் துணி என்று போகும் குடும்பம் இது. ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, சாமானை இறக்காமல் எடுக்க முடியுமா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

படி 5: பின்சீட்டில் உட்காருகிறவர்தான் நீதிபதி

ஓட்டுகிறவர் மட்டும் ஷோரூமுக்குப் போவது பெரிய தவறு. வீட்டிலேயே வயதானவரையும் சின்னக் குழந்தையையும் கூட்டிப் போங்கள்.

அத்தையை இரண்டு வண்டியிலும் மூன்று தடவை ஏறி இறங்கச் சொன்னோம். சீட் உயரம் இடுப்புக்கு நேராக இருந்தால் முட்டி அதிகம் மடங்காமல் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம். இது ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அத்தைக்குச் சரியானது உங்கள் அம்மாவுக்குச் சரியாகும் என்று இல்லை. அடுத்து, பின்சீட்டில் மூன்று பேரை நெருக்கமாக உட்காரவைத்து, நடுவில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். கண்ணாடிக் கூரை உள்ள வேரியன்ட்டில் தலைக்கு மேல் இடம் குறையும். கிராண்ட் விட்டாராவின் பின்சீட்டில் எனக்குத் தலை லேசாக உரசியது. குழந்தைகளுக்கு அது பிரச்சினையே இல்லை.

படி 6: பத்து நிமிட டெஸ்ட் டிரைவ் போதாது

அரை மணி நேரம் கேளுங்கள். குடும்பம் முழுவதும் ஏறட்டும், ஏசி ஓடட்டும். தெருவில் வேகத்தடை, ஒரு மேம்பாலம், கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் நெடுஞ்சாலை என்று பாதையை நீங்களே முடிவு செய்யுங்கள். மேம்பாலத்தின் நடுவில் நிறுத்தி, மறுபடி நகர்த்திப் பாருங்கள். ஸ்ட்ராங் ஹைப்ரிடில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மூன்று சிலிண்டர் எஞ்சின் சத்தம் போடும். அது உங்களுக்கு உறுத்துகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். டர்போ கிரெட்டாவின் டிசிடி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை ஊர்ந்து போகும் நெரிசலில் சோதியுங்கள். நெடுஞ்சாலையில் அது துள்ளும், எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் என் மாதிரி ஆசைக்காரன் பேச்சைக் கேட்டு நீங்கள் வாங்க வேண்டாம்.

ரேடாரும் கேமராவும் பார்த்துத் தானே பிரேக் போடும் அடாஸ் வசதி கிரெட்டாவின் உயர் வேரியன்ட்டுகளில் உண்டு. நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவருக்கு உதவும். குறுக்கே நுழையும் மொபெட்டுகளுக்கு நடுவில் அது திடீரென்று பிரேக் போட்டு உங்களைத் திடுக்கிடவைக்கவும் செய்யும். ஆறு ஏர்பேக் இருக்கிறதா, குழந்தை சீட்டை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி எங்கே இருக்கிறது என்பதை நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் எத்தனை இருந்தாலும் பின்சீட்டில் பெல்ட் போடாவிட்டால் பயனில்லை.

படி 7: கொட்டேஷனை வரிவரியாகப் படியுங்கள்

மூன்று வாரத்தில் அதிக நேரம் போனது இதற்குத்தான். அதிகப் பணம் மிஞ்சியதும் இதில்தான்.

எக்ஸ்-ஷோரூம் விலையை ஒப்பிடாதீர்கள், ஆன்-ரோடு விலையை ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், அது எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். அதற்கு மேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால சாலை வரி. 2023 நவம்பர் திருத்தத்தின்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 19.90 லட்ச வண்டிக்கு வரி 3.58 லட்சம். 20.10 லட்ச வண்டிக்கு 4.02 லட்சம். இருபதாயிரம் ரூபாய் கூடுதல் வண்டிக்கு வரி மட்டும் நாற்பத்து நாலாயிரம் கூடுகிறது. உச்ச வேரியன்ட் ஆசை உள்ளவர்கள் இந்தக் கோட்டைக் கவனியுங்கள்.

10 லட்சத்துக்கு மேல் விலை என்றால் 1 சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அது செலவு இல்லை, வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். காப்பீட்டை டீலரிடமேதான் எடுக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வெளியே ஒரு விலை வாங்கிவந்து காட்டினாலே அவர்கள் இறங்கிவருவார்கள். எங்களுக்கு வந்த ஒரு கொட்டேஷனில் "ஹேண்ட்லிங்" என்று ஒரு வரி இருந்தது. "இது எதுக்கு சார்?" என்று கேட்டதும், பதில் சொல்லாமலே பேனாவால் அடித்துவிட்டார்கள். கேட்காதவர்கள் கட்டியிருப்பார்கள்.

கடன் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. 12 லட்சம், 9 சதவீத வட்டி. ஐந்து வருடத்துக்கு மாதம் 24,910 ரூபாய், மொத்த வட்டி சுமார் 2.95 லட்சம். ஏழு வருடம் என்றால் மாதம் 19,307 ரூபாய்தான், ஆனால் வட்டி 4.22 லட்சம். தவணை குறைகிறதே என்று மேல் வேரியன்ட்டுக்குத் தாவுவது இப்படித்தான் நடக்கிறது.

படி 8: பணம் முழுவதும் கட்டும் முன் வண்டியைப் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்ட் கீறல், நான்கு கதவு இடைவெளி, எல்லா ஸ்விட்சும். தயாரான மாதமும் வருடமும் வண்டியிலேயே பொறித்திருக்கும். டயரில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 3625 என்றால் 2025-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம். ஜனவரியில் பெரிய தள்ளுபடி தருகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் போன வருடத்து வண்டி. தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. பத்து வருடம் வைத்திருப்பவருக்கு லாபம், மூன்று வருடத்தில் விற்பவருக்கு நஷ்டம்.

கடைசியில் மாப்பிள்ளை எடுத்தது கிரெட்டா, 115 பிஎஸ் பெட்ரோல், ஐவிடி ஆட்டோமேட்டிக், நடு வேரியன்ட். வருடம் 8,000 கிலோமீட்டர் என்ற அந்தத் தாளும், அத்தையின் வாக்கரும் சேர்ந்து முடிவு செய்தன. அதே மாதம் சேலத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்ட்ராங் ஹைப்ரிட் எடுத்தார். தினமும் ஊருக்குள் அறுபது கிலோமீட்டர் சுற்றும் மருந்து விற்பனைப் பிரதிநிதி, வீட்டில் மூன்றே பேர். அவருக்கு அதுதான் சரி.

டெலிவரி அன்று எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியை வெளியே எடுத்ததும், அத்தை பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "ஏறுறதுக்குச் சுகமா இருக்கு கண்ணு. அந்தக் கண்ணாடிக் கூரையை மட்டும் மூடச் சொல்லு, வெயில் மூஞ்சில அடிக்குது."