எம்பயர் ஸ்டேட் நிறத்தில் எங்கள் வீட்டு பால்கனி

நியூஜெர்சியில் ஹட்சன் ஆற்றுப் பக்கம் குடியிருப்பவர்களில் பலருக்கு, இருட்டிய பிறகு எட்டிப் பார்த்தால் எதிர்க்கரை நியூயார்க்கில் நிற்கும் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சி தெரியும். இன்றைக்குப் பச்சை, நாளைக்கு ஊதா, மறுநாள் வெறும் வெள்ளை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கட்டடக்காரர்களே தங்கள் இணையதளத்தில் எழுதி வைக்கிறார்கள். ஜெர்சி சிட்டி ஹைட்ஸில் இருக்கும் எங்கள் வீட்டு பால்கனி விளக்கை அந்த அறிவிப்போடு இணைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்ததும் அங்கே என்ன நிறமோ இங்கேயும் அதே நிறம். நீங்களும் செய்யலாம். சாலிடரிங் பழக்கமும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விளக்கை எப்படி அமைப்பது என்பது தானாகவே புரியும். 1931இல் திறந்த கட்டடம் இது. அமெரிக்க விடுதலையின் 200ஆம் ஆண்டான 1976இல்தான் முதன்முதலாக வண்ண ஒளி போட்டார்கள்: சிவப்பு, வெள்ளை, நீலம். அப்போதெல்லாம் விளக்குகளின் முன்னால் வண்ணத் தகடுகளைக் கையால் மாற்ற வேண்டும். 2012 நவம்பரில் எல்இடிக்கு மாறிய பிறகு 1.6 கோடி நிறங்கள், நொடியில் மாற்றலாம். 72ஆவது மாடிக்கு மேலே கட்டடம் படிப்படியாக ஒடுங்கி, கடைசியில் உச்சிக் கம்பத்தில் முடிகிறது. மூன்று நிறம் போடும் நாள்களில் அவை அடுக்கடுக்காக ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும். அதனால் எல்இடி ஸ்ட்ரிப்பைக் கைப்பிடிக் கம்பியில் படுக்கையாக ஓட்டாதீர்கள். பால்கனியின் பக்கச் சுவரில் செங்குத்தாக நிறுத்துங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். படுக்கையாக ஓடினால் அது பண்டிகைச் சரவிளக்கு. நிமிர்ந்து நின்றால்தான் பார்த்த கண்ணுக்குக் கட்டடம் ஞாபகம் வரும்.

பொருள்கள் சுலபமாகக் கிடைப்பவைதான். எஸ்கே6812 ஆர்ஜிபிடபிள்யூ வகை ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 எல்இடி, மழைத்துளி தாங்கும் ஐபி65 உறையோடு. இந்த வகையில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு தனியாக ஒரு வெள்ளையும் இருக்கும். சிறப்பு நாள் எதுவும் இல்லாவிட்டால் எம்பயர் ஸ்டேட் போடுவது வெள்ளை. மூன்று நிறங்களைக் கலந்து வரும் வெள்ளை நீலம் பாரித்துத்தான் இருக்கும், அதனால் கொஞ்சம் விலை கூடினாலும் இதையே வாங்குங்கள். எங்கள் சுவருக்கு இரண்டரை மீட்டர், அதாவது 150 எல்இடி. வைஃபை உள்ள இஎஸ்பி32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, அதில் ஸ்ட்ரிப்பை இயக்கும் டபிள்யூஎல்ஈடி என்ற இலவச மென்பொருள், 5 வோல்ட் 10 ஆம்ப் பவர் சப்ளை, அலுமினியச் சட்டமும் அதன் மேல் பால்நிற மூடியும்.

ஏன் 10 ஆம்ப்? மூன்று நிறமும் முழுதாக எரிந்தால் ஓர் எல்இடி சுமார் 60 மில்லியாம்ப் இழுக்கும். 150 எல்இடிக்கு 9 ஆம்ப். ஆனால் அவ்வளவு வெளிச்சம் பால்கனிக்குத் தேவையே இல்லை. டபிள்யூஎல்ஈடி அமைப்பில் மின்னோட்ட உச்சவரம்பு ஒன்று இருக்கிறது, அதை 5,000 மில்லியாம்பில் நிறுத்திவிடுங்கள். மின்சாரத்தை ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் கொடுங்கள். ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் மறு முனையில் வோல்ட் குறைந்து, முதலில் நீலம் சோர்ந்து, வெள்ளை மஞ்சளாகும். இஎஸ்பி32 தரும் சிக்னல் 3.3 வோல்ட், ஸ்ட்ரிப் எதிர்பார்ப்பது 5 வோல்ட். சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் லெவல் ஷிஃப்டர் ஒன்றை நடுவில் வைத்தால் மினுக்கல் வராது. வெளிச்சுவரில் இருக்கும் பிளக், மின்சாரம் கசிந்தால் தானே துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ வகைதானா என்று பாருங்கள், பவர் சப்ளையை மழை படாத பெட்டிக்குள் வையுங்கள். ஸ்ட்ரிப்பின் பின்னால் இருக்கும் பசையை நம்ப வேண்டாம். இங்கத்திய ஜனவரிக் குளிரில் அது விட்டுவிடும். சட்டத்தைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். வாடகை வீடென்றால் துளை போடும் முன்னால் கட்டட நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பால்கனியில் விளக்கே கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதும் இடங்களும் உண்டு.

டபிள்யூஎல்ஈடியில் ஸ்ட்ரிப்பை மூன்று பகுதிகளாகப் பிரியுங்கள். கீழே 70, நடுவில் 50, உச்சியில் 30. எங்கள் பால்கனியிலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குச் சரியாகப் பட்ட விகிதம் இது. ஹோம் அசிஸ்டென்ட்டோடு இணைத்ததும் மூன்றும் தனித்தனி விளக்குகளாக வந்து நிற்கும்.

அப்புறம் நாள்காட்டி. எம்பயர் ஸ்டேட் இணையதளத்தில் கோபுர விளக்குகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அன்றைய நிறமும் காரணமும் அதில் எழுத்தாகவே இருக்கும். ஹோம் அசிஸ்டென்ட்டுடன் வரும் ஸ்கிரேப் என்ற இணைப்பு அந்தப் பக்கத்தைப் படித்து, நமக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக் கொடுக்கும். எடுத்த வரியை வைத்துக்கொள்ள ஹோம் அசிஸ்டென்ட்டில் சென்சார் என்று ஒன்று உண்டு. இரண்டு சென்சார் போடுங்கள், ஒன்று நிறத்துக்கு, ஒன்று காரணத்துக்கு. தானாக அடிக்கடி படிக்கும் வசதியை அணைத்துவிட்டு, நாம் சொல்லும் நேரத்தில் மட்டும் படிக்க வையுங்கள். அடுத்தவர் தளத்தை நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டுவது மரியாதை இல்லை. நான் காலையில் ஒரு தரம், சூரியன் மறைவதற்குச் சற்று முன்னால் ஒரு தரம், இரவு ஒன்பதரைக்கு ஒரு தரம் படிக்க வைத்திருக்கிறேன்.

காலையில் ஒரு தரம் படித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் ராணி இறந்த செய்தி வந்த அன்றிரவே கட்டடம் ஊதாவும் வெள்ளி மினுக்கலுமாக மாறியது. 2023 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து அரையிறுதியில் போட்டி ஊரான பிலடெல்பியாவின் ஈகிள்ஸ் அணி ஜெயித்ததும் பச்சை வெள்ளை போட்டார்கள். நியூயார்க் ரசிகர்களுக்கு வந்த கோபத்தை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இப்படித் திடீரென்று மாறும் இரவுகள்தான் பார்க்க வேண்டிய இரவுகள்.

வந்த வரியிலிருந்து நிறப் பெயர்களை வரிசைப்படி பிரித்தெடுக்க ஹோம் அசிஸ்டென்ட்டில் எழுதும் ஒரு சின்ன டெம்ப்ளேட், அதாவது சில வரி நிரல், போதும். ஒரே பெயர் வந்தால் மூன்று பகுதிக்கும் அதுவே. மூன்று வந்தால் கீழிருந்து மேலாக. இரண்டு வந்தால் கீழ் இரண்டு பகுதிக்கு முதல் நிறம், உச்சிக்கு இரண்டாவது. சில இரவுகளில் வரிசை மாறியிருக்கும், கட்டடத்தைப் பார்த்துக் கையால் திருத்திக்கொள்ளுங்கள். எதுவும் புரியவில்லை என்றால், அல்லது தளம் கிடைக்கவில்லை என்றால், வெள்ளை. கூடவே உங்கள் போனுக்கு ஒரு தகவல் வரும்படி செய்யுங்கள். தளத்தின் வடிவத்தை அவர்கள் மாற்றும் அன்றைக்கு அது உதவும்.

இனி நிறங்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நிறப் பெயருக்கு இணையத்தில் கிடைக்கும் எண்ணை அப்படியே ஸ்ட்ரிப்பில் போட்டால் நிறம் வராது. ஆரஞ்சுக்குத் தரும் எண் சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0. கணினித் திரையில் 165 என்பது முழு வெளிச்சத்தில் ஏறக்குறைய 38 சதவீதம்தான். திருத்தம் இல்லாத எல்இடி ஸ்ட்ரிப்பில் அதே 165 என்பது 65 சதவீதம். பச்சை அத்தனை ஏறினால் ஆரஞ்சு எலுமிச்சை மஞ்சளாகிவிடும். எண்ணுக்கேற்ற வெளிச்சத்தைத் திரையைப் போலவே குறைத்துக் கொடுக்க டபிள்யூஎல்ஈடியில் காமா திருத்தம் என்று ஒன்று உண்டு, அது இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நிறத்தையும் கண்ணால் பார்த்துத்தான் முடிக்க வேண்டும்.

எப்படி? அந்த நிறம் கட்டடத்தில் எரியும் தெளிவான இரவில், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு பால்கனிக்குப் போய், போனில் டபிள்யூஎல்ஈடியைத் திறந்து கட்டடத்தையும் சுவரையும் மாறி மாறிப் பாருங்கள். எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். சரி என்று மனசு சொன்னதும் அந்த எண்ணை அட்டவணையில் எழுதிவிடுங்கள். போன் கேமராவில் எடுத்து ஒப்பிடாதீர்கள், கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைச் சமன் செய்யும். வெளிச்சத்தையும் குறைத்து வைத்தே பாருங்கள். கட்டடம் சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது, ஸ்ட்ரிப் கைக்கெட்டும் தூரத்தில். வெளிச்சம் கூடினால் எல்லா நிறமும் வெளுத்துத் தெரியும். வெள்ளி என்று வந்தால் குளிர்ந்த வெள்ளையோடு மினுக்கல், தங்கம் என்று வந்தால் ஆரஞ்சை விடப் பச்சை சற்றுக் கூடிய மஞ்சள். மினுக்கல் டபிள்யூஎல்ஈடியிலேயே இருக்கிறது. இந்த அட்டவணை நிரம்ப மாதங்கள் ஆகும், ஆகட்டும்.

நிறத்தோடு நின்றுவிட வேண்டாம் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. காரணத்தையும் வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். அக்டோபர் கடைசியில் ஆரஞ்சு எரிந்தால் அது ஹாலோவீனாக இருக்கலாம், தீபாவளியாகவும் இருக்கலாம். வெளிச்சத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி நம் மூவண்ணம் ஏறும்போது நமக்குத் தெரிந்துவிடும். மற்ற நாடுகளின் நாள்கள், ஒரு நோய்க்கான விழிப்புணர்வு நாள், பணியில் உயிர்விட்டவர்களுக்கான நாள், இவையெல்லாம் சொன்னால்தான் தெரியும்.

அதனால் சூரியன் மறையும்போது விளக்கைத் தானாகப் போடும் அதே ஆட்டோமேஷனில், காரண வரியைக் குடும்ப டெலிகிராம் குழுவுக்கும் அனுப்புகிறேன். தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார். ஜூனில் இங்கே எட்டரைக்குப் பொழுது சாயும்போது அங்கே காலை ஆறு மணி, காபியோடு படித்துவிடுவார். டிசம்பரில் இங்கே நாலரை என்றால் அங்கே அதிகாலை மூன்று, அதனால் குழுவுக்குச் சத்தமில்லாத செய்தியாகப் போகும்படி வைத்தேன். வருடா வருடம் வரும் நாள்களுக்குத் தமிழில் ஒரு வரி நானே எழுதிச் சேர்த்திருக்கிறேன். மார்ச் 17 பச்சைக்கு "ஏன்ப்பா பச்சை?" என்று அம்மா கேட்டதிலிருந்து அயர்லாந்துக்காரர்கள் கொண்டாடும் புனித பேட்ரிக் நாளைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பனிமூட்டம் கட்டடத்தையே மறைத்துவிடும் இரவுகளில், அங்கே என்ன எரிகிறது என்பதை பால்கனிச் சுவர்தான் சொல்கிறது.

அங்கே விளக்குகள் இரவு 2 மணி வரை எரியும். நம் வீட்டில் வேண்டாம். எதிர் வீட்டுப் படுக்கையறை ஜன்னல் நம் சுவரைப் பார்த்திருக்கும். பத்தரைக்கு அணைகிற மாதிரி வையுங்கள், கடைசிப் பத்து நிமிடம் மெதுவாக மங்கட்டும். உலகெங்கும் ஒரு மணி நேரம் விளக்கை அணைக்கும் புவி நேரத்துக்காகக் கட்டடம் அணையும் இரவில் பால்கனியும் அணைய வேண்டும், அதற்கு நாள்காட்டியில் கையால் ஒரு குறிப்பு போட்டுவிடுங்கள். புத்தாண்டு, கிறிஸ்துமஸ் சமயங்களில் பாட்டுக்கு ஏற்ப ஒளி ஆடும் நிகழ்ச்சிகளை இந்த முறையில் பிடிக்க முடியாது. அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டு நேரே கட்டடத்தைப் பாருங்கள்.

டொரண்டோவில் இருப்பவர்களுக்கும் இதே வழி பொருந்தும். சிஎன் கோபுரமும் தன் ஒளி அட்டவணையைக் காரணத்தோடு இணையதளத்தில் போடுகிறது. ஸ்கார்பரோ பக்கம் உயரமான மாடியில் குடியிருந்தால் கோபுரமும் கண்ணில் படலாம். ஸ்கிரேப் படிக்கும் பக்கத்தை மாற்றுங்கள். மூன்று பகுதிகளுக்குப் பதிலாக நீளமான தண்டு ஒன்று, மேலே பார்வை மாடத்துக்குச் சின்னப் பகுதி ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். குளிர் அங்கே இன்னும் கடுமை, கிளிப்பை நெருக்கமாகப் போடுங்கள்.