குடும்ப நலத் தரவை மாவட்ட வரைபடமாக்குதல்: இரண்டு படமும் ஒன்றுபோலத் தெரிந்த கதை

சென்ற மாதம் என் அண்ணியிடம் இரண்டு வரைபடங்களைக் காட்டினேன். தமிழ்நாட்டு மாவட்டங்களில் பெண் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் விகிதம். இடப்பக்கம் 2015-16, வலப்பக்கம் 2019-21. அண்ணி கிராம சுகாதாரச் செவிலியர். தம்பதியர் பதிவேட்டைக் கையால் எழுதியே பழகியவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஒரே படத்தை இரண்டு முறை போட்டிருக்கிறீர்களா, தம்பி?"

அப்படிப் போடவில்லை. மாநில அளவில் அந்த விகிதம் 49.4 சதவீதத்திலிருந்து 57.8 ஆக ஏறியிருக்கிறது. என் படத்தில் மட்டும் ஏறவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. உங்கள் ஞாயிறாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நிறுவிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இலவசம்; இந்த வேலைக்கு வேறெதுவும் தேவையில்லை. எக்செலுக்குள்ளேயே வரைபடம் போடும் வசதி இருக்கிறதே என்பவர்களுக்கு: நானும் முயன்றேன், நம் மாவட்டப் பெயர்களோடு அது படும் பாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

படி 1: தரவு

தேசியக் குடும்ப நல ஆய்வு 1992-93 முதல் நடக்கிறது. மாவட்ட வாரியான எண்கள் 2015-16இல் நடந்த நான்காவது சுற்றிலிருந்துதான் கிடைக்கின்றன. ஐந்தாவது சுற்றின் (2019-21) மாவட்டத் தகவல் தாளை இறக்கினால் போதும். இரண்டு சுற்றுகளும் அருகருகே இருக்கும். புதிய சுற்று முதலில், பழையது அதற்கு வலப்பக்கம். இடமிருந்து வலமாகக் காலம் ஓடும் என்று நினைத்து நகலெடுத்தால் வளர்ச்சி சரிவாகிவிடும்.

சுற்றுக்கு ஒன்றாக இரண்டு சிஎஸ்வி கோப்புகள் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை; எக்செலிலேயே சேமிக்கலாம்) செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நெடுவரிசைகள்: குறியீடு (எது என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்), மாவட்டம், மதிப்பு. மூன்றாவதற்கு இரண்டு கோப்புகளிலும் ஒரே பெயர் இருக்கட்டும். காரணம் நான்காம் படியில் வரும்.

இந்த விகிதத்தோடு நிற்காமல் மற்றக் கேள்விகளையும் வரைய நினைத்தால், இங்கே ஒரு குழி. "பயன்படுத்தும் முறையின் பக்க விளைவுகளைப் பற்றி எப்போதாவது சொல்லப்பட்டதா" போன்ற சேவைத் தரக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள் குறைவு. 25 முதல் 49 பேர் மட்டும் இருந்தால் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். 25க்கும் கீழே என்றால் வெறும் நட்சத்திரக் குறி. எக்செல் கணக்காளர் மூளை கொண்டது. (62.4) என்பதைப் பார்த்ததும் கடன் என்று எண்ணி −62.4 ஆக்கிவிடும். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடைப்புக்குறி இருந்தது என்பதை வேறொரு நெடுவரிசையில் குறித்துவிட்டு, பிறகு நீக்குங்கள். நட்சத்திரம் இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள், பூஜ்யம் போட்டுவிடாதீர்கள்.

படி 2: எல்லைக் கோடுகள்

தமிழ்நாட்டில் இன்று 38 மாவட்டங்கள். ஆய்வில் 32தான். ஐந்தாவது சுற்று 2017 மார்ச் 31 அன்று இருந்த மாவட்டங்களைக் கணக்கில் எடுத்தது. தென்காசியும் கள்ளக்குறிச்சியும் பிறந்தது 2019இல். ஆகவே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எல்லைகளைக் கொண்ட ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பைத் தேடி எடுங்கள். நம் மாநிலத்துக்கு இரண்டு சுற்றுகளிலும் அதே 32 என்பது அதிர்ஷ்டம். தெலங்கானாவை எடுத்திருந்தால் நான்காவது சுற்றில் 10, ஐந்தாவதில் 31 என்று மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

படி 3: இணைப்பு

ஷேப்ஃபைலைக் கியூஜிஐஎஸில் திறந்தால் எல்லைகள் ஒரு லேயராக (அடுக்காக) வரும். அதை டூப்ளிகேட் செய்து, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சிஎஸ்வியை லேயர் பண்புகளின் ஜாயின்ஸ் பகுதியில் இணையுங்கள். பெயரை வைத்து இணைக்க வேண்டாம். ஓரிடத்தில் தூத்துக்குடி, இன்னோரிடத்தில் டூட்டிகொரின். விழுப்புரத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் குறியீடு இருக்கிறது: திருவள்ளூர் 602இல் தொடங்கித் திருப்பூர் 633 வரை. அதை வைத்து இணைத்தால் ஒரு மாவட்டமும் விடுபடாது. குறியீடு ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைக்கும்போது நெடுவரிசைப் பெயருக்கு முன்னால் கோப்பின் பெயர் தானாக ஒட்டிக்கொள்ளும். கீழேயுள்ள முன்னொட்டுப் பெட்டியில் டிக் செய்து, உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள்.

படி 4: நிறம்

நான் விழுந்த இடம் இது. லேயருக்கு நிறம் தரும் சிம்பாலஜி பகுதியில் கிராஜுவேட்டட் என்று தேர்ந்து, நான்கு வகுப்புகள் கொடுத்து, ஈக்வல் கவுண்ட் முறையை அப்படியே விட்டிருந்தேன். அது என்ன செய்யும்? 32 மாவட்டங்களை வரிசைப்படுத்தி, எட்டெட்டாகப் பிரித்துவிடும். 2015-16இல் எட்டு மாவட்டங்கள் அடர்நிறம். 2019-21இலும் எட்டு மாவட்டங்கள் அடர்நிறம். எல்லா மாவட்டமும் சேர்ந்து இருபது புள்ளி ஏறினாலும் படம் அசையாது. யார் முதல் வரிசை, யார் கடைசி வரிசை என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. அண்ணியின் கண்ணில் பிழையில்லை.

இரண்டு சுற்றுகளின் 64 எண்களையும் ஒன்றாக வைத்து மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் பாருங்கள். அந்த வீச்சை ஐந்து ஐந்தாகவோ பத்துப் பத்தாகவோ முழு எண்களில் வெட்டுங்கள். ஒரு லேயரில் வகுப்பு எல்லைகளைக் கையால் தட்டச்சிட்டு, காப்பி ஸ்டைலில் சிம்பாலஜியை மட்டும் எடுத்து மற்றதில் ஒட்டுங்கள். நெடுவரிசைக்கு ஒரே பெயர் வைத்திருப்பதால் அப்படியே பொருந்திவிடும். அதற்குப் பிறகு கிளாசிஃபை பொத்தானைத் தொடாதீர்கள்; தொட்டால் கையால் இட்டதெல்லாம் போய்விடும்.

நிறத்தைப் பொறுத்தவரை ஒரே நிறம், வெளிர் முதல் அடர்வரை. சிவப்பும் பச்சையும் வேண்டவே வேண்டாம். நிறக்குருடு ஒரு காரணம். இன்னொன்று, இந்த விகிதம் கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று படம் தீர்ப்புச் சொல்லக் கூடாது. (ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் இருக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணத்தை நினைத்து முதலில் நானும் சிவப்பில்தான் தொடங்கினேன். படம் முழுக்க அபாய அறிவிப்புப் போல இருந்தது.)

படி 5: வேறுபாடு

புதியதிலிருந்து பழையதைக் கழித்து மூன்றாவது படம் ஒன்று போடலாம். ஒரு மாவட்டத்தில் பேட்டி காணப்பட்டவர்கள் சில நூறு பேர்தான் என்பதால், ஒன்றிரண்டு புள்ளி வேறுபாட்டுக்கு நிறம் தராமல் சாம்பலாக விட்டுவிடுகிறேன்.

பின்சேர்க்கை 1: 38 மாவட்டப் படம்தான் கிடைத்தது, ஆறு இடங்கள் வெள்ளையாக நிற்கின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். டிஸ்ஸால்வ் கருவியால் புதியவற்றைத் தாய் மாவட்டத்தோடு சேருங்கள்: ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரோடு, செங்கல்பட்டு காஞ்சிபுரத்தோடு, கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு, தென்காசி திருநெல்வேலியோடு, மயிலாடுதுறை நாகப்பட்டினத்தோடு. சென்னை மட்டும் இதில் சரியாகாது. 2018இல் அதன் பரப்பு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. படத்தின் அடியில் ஒரு வரி குறிப்புப் போட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: "இது சேவையின் வரைபடமா?" என்று கேட்டவருக்கு: முழுக்க இல்லை. 15 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களிடம் எடுத்த கணக்கு இது. பதினைந்து ஆண்டுக்கு முன் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் இதில் இருக்கிறார். இந்த ஆண்டு எத்தனை சிகிச்சை நடந்தது என்று வேண்டுமானால் சுகாதார மேலாண்மைத் தகவல் அமைப்பின் மாதாந்திர எண்களுக்குப் போக வேண்டும். அங்கே சிகிச்சை நடந்த மாவட்டத்தின் கணக்கில்தான் எண் ஏறும். திருத்திய படத்தைக் காட்டப் போனபோது இதையும் அண்ணியிடம் கேட்டேன். "பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள் அங்கேயே ஆபரேஷனும் செய்துகொண்டு வந்துவிடுவாள். பெயர் என் பதிவேட்டில், எண்ணிக்கை அவள் அம்மா ஊரில்" என்றார்.