கை ஓங்கினாலே குற்றம்தான்: அடி, மிரட்டலுக்கு ஆளானால் என்ன செய்வது?

"அடிக்கவே இல்லையே, கையைத்தானே ஓங்கினான்?" என்று சொல்லியே எத்தனையோ பேரை வாயடைக்க வைத்துவிடுகிறார்கள். அது தவறு. அடி விழுவதற்கு முன்பே சட்டம் உங்கள் பக்கம் வந்துவிடுகிறது.

படி 1: நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அதன் 130ஆம் பிரிவின்படி, இப்போதே அடிக்கப்போகிறான் என்று எதிரில் இருப்பவர் அஞ்சும்படி ஒருவர் வேண்டுமென்றே சைகை காட்டினாலோ ஆயத்தம் செய்தாலோ அதுவே குற்றம். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: கடிக்கிற நாயின் வாய்க்கட்டை ஒருவர் அவிழ்க்கத் தொடங்குகிறார். நாய் இன்னும் பாயவில்லை, ஆனாலும் குற்றம் நடந்துவிட்டது. வெறும் பேச்சு இந்தப் பிரிவில் வராது. "உன்னை அடிப்பேன்" என்றபடி கம்பை எடுத்தால் வரலாம். இதற்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடி விழுந்து வலித்தால் அது காயம். 1 வருடம் வரை சிறை. எலும்பு முறிந்தாலோ, பல் உடைந்தாலோ, 15 நாள் கடும் வலியில் கிடந்தாலோ அது கொடுங்காயம்; 7 வருடம் வரை.

படி 2: முதலில் தப்பியுங்கள்

அங்கிருந்து விலகி 112-ஐ அழையுங்கள். விலக முடியாவிட்டால் தற்காத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தடுக்கத் தேவையான அளவோடு நிறுத்துங்கள். ஓடுகிறவரைத் துரத்திப்போய் அடித்தால் அது தற்காப்பு ஆகாது.

படி 3: ஆஸ்பத்திரி

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. காயம் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போலீஸ் சொல்லி அனுப்பட்டும் என்று காத்திருக்க வேண்டாம். டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். யார், எதால், எப்போது அடித்தார் என்பதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். குடும்ப மானத்துக்குப் பயந்து "படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பிறகு வழக்கு நடக்கும்போது அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். காயத்தைப் போட்டோ எடுங்கள். ரத்தக்கறை பட்ட துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.

படி 4: புகார்

தேதி, நேரம், இடம், யார், என்ன செய்தார், யார் பார்த்தார்கள் என வரிசையாக எழுதுங்கள். சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

கை ஓங்கியது, சிறு காயம் போன்றவற்றில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. அதனால் பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீதுதான், அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதுதான் கிடைக்கும். அதையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். கொடுங்காயம் என்றாலோ, கத்தி போன்ற ஆயுதத்தால் காயம் என்றாலோ எஃப்.ஐ.ஆரே போட வேண்டும். மறுத்தால் எஸ்.பி.க்கு (மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு) புகாரைத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்கலாம். சிறு காய வழக்கை நீதிமன்றம் ஏற்க 1 வருடம்தான் கெடு, ஆறப்போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையா? 15100-ஐ அழையுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்ட உதவி இலவசம்.

அடிப்பவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால்

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது அல்ல. அம்மா, அக்கா, தங்கை, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண் என்று எல்லோருக்கும் பொருந்தும். 181-ஐ அழைக்கலாம், அல்லது மாவட்டப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். "இனி இவளை நெருங்கக் கூடாது" என்று மாஜிஸ்திரேட் பாதுகாப்பு உத்தரவு போட முடியும். மீறினால் 1 வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகார் கொடுத்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவார்களே என்று பயந்தே பல பெண்கள் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள். பத்திரம் யார் பெயரில் இருந்தாலும் சரி, சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து சட்டப்படி அல்லாமல் அவளை வெளியேற்ற முடியாது.