வருகைப் பதிவில் மட்டும் அழுத மகன்

காரைக்குடியில் மழலையர் பள்ளியில் சேர்ந்த என் மூன்றரை வயது மகன், பத்து நாள்களாக வருகைப் பதிவின்போது மட்டும் தேம்பி அழுதான். முன்னதாக உறங்க வைத்தோம், வகுப்பு வாசலிலேயே அமர்ந்தும் பார்த்தேன், பலனில்லை.

பிறகே ஒன்று புலப்பட்டது. எங்கள் வழக்கப்படி மூத்த மகனான அவனுக்கு ஐயாவின் (அப்பாவைப் பெற்ற தாத்தாவின்) பெயரைச் சூட்டியிருந்தோம். கணவர் பெயரை உச்சரிக்காத அப்பத்தாவும், மாமனார் பெயரைச் சொல்லத் தயங்கிய நானும் "ராசா" என்றே அழைத்துவந்ததால், ஆசிரியை வாசித்த பெயர் தன்னுடையது என்பதே அவனுக்குத் தெரியவில்லை. அதட்டுகிறார் என்று நினைத்திருக்கிறான்.

வீட்டு முகப்பிலுள்ள பெல்ஜியம் கண்ணாடிமுன் அவனை நிறுத்தி, "இது யார்?" என்று கேட்டு, அவன் அப்பச்சி (அப்பா) தினமும் முழுப்பெயரைச் சொல்லிக்கொடுத்தார், தயக்கத்தை விட்டு நானும் சொன்னேன். புத்தகப்பையில் பெயருடன் அவன் படத்தையும் ஒட்டினோம். ஐந்தாம் நாள் "உள்ளேன் டீச்சர்" என்றான்; பெரும் நிம்மதி. அப்பத்தாவுக்கு அவன் இன்னமும் ராசாதான்.