மோரிஸ் மைனருக்கு என்ன கலர்? அதற்கு முன்னால் நடக்கும் தப்புகள்

பினாங்கில் யாராவது மோரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காடி (கார்) ஒன்றைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" காடிக்காரரும் அன்று ராத்திரியே போனில் நாலு படம் பார்த்து ஒரு கலரை முடிவு செய்துவிடுவார். நானும் அப்படித்தான் செய்தேன். எங்கள் தாத்தா ஓட்டிய 1964 மாடல், நாலு கதவு. மூன்று கை மாறி, ஜெலுத்தோங்கில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கோழிகளோடு கிடந்தது. மீட்டு வந்த சந்தோஷத்தில் கரும்பச்சை என்று முடிவெடுத்தேன். பிரிட்டிஷ் காடி என்றால் பச்சைதானே?

இல்லை. 'பிரிட்டிஷ் ரேசிங் கிரீன்' பந்தயக் காடிகளின் நிறம். 1903-இல் கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம் அயர்லாந்தில் நடந்தபோது, அந்த நாட்டுக்கு மரியாதையாக பிரிட்டன் தன் காடிகளுக்குப் பச்சை பூசியது. அதிலிருந்து வந்த வழக்கம். அது ஒரே ஒரு நிறமும் இல்லை. அப்போதிலிருந்து அந்தப் பெயரில் இளசும் கறுத்ததுமாகப் பல பச்சைகள் ஓடியிருக்கின்றன. டீச்சரம்மாவும் தோட்டத்து கிராணியும் மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போன மைனருக்கு அதைப் பூசுவது, வேட்டி கட்டிய தாத்தாவுக்கு ஹெல்மெட் மாட்டிவிடுகிற மாதிரி. ஆசைப்பட்டால் பூசிக்கொள்ளலாம், உங்கள் காசு. ஆனால் "ஒரிஜினல் கலர்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதைவிடப் பெரிய தப்பு, துருவைப் பார்ப்பதற்கு முன்னால் கலரைப் பற்றி யோசிப்பது. மைனருக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி, பின் ஸ்பிரிங் தொங்கும் இடம், முன்பக்கத்தில் ஸ்பிரிங்காக முறுக்கிக்கொள்ளும் டார்ஷன் பார் கம்பி வந்து முடியும் குறுக்குச் சட்டம், இவை மூன்றும் சரியில்லை என்றால் மேலே எவ்வளவு பளபளத்தாலும் உள்ளே கறையான் தின்ற கதவுதான். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி பாடி முழுக்க ஒட்டிப் பாருங்கள். எங்கே வழுக்குகிறதோ அங்கே தகரம் இல்லை, பள்ளத்தை அடைத்த புட்டிப் பசை இருக்கிறது. என் காடியில் இடது சில் முழுவதும் வழுக்கியது. நான் கேட்டேனா? வலது பக்கம் ஒட்டுகிறதே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முதலில் போன பட்டறையில் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன். எட்டாவது மாதம் கதவுக்குக் கீழே கொப்புளம். நகத்தால் கீறினேன், புட்டி ஈர பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. புட்டி தண்ணீரை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

சில்லை வெட்டி மாற்றும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி வெல்டிங் வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாக வெட்ட வேண்டும். இல்லையென்றால் நடுவில் காடி தொய்ந்து, பிறகு எந்தக் கதவும் சாத்தாது. பானெட், கதவு போன்ற தட்டைத் தகரத்தில் மணலை வீசித் துரு எடுக்கும் பிளாஸ்டிங்கை அழுத்திப் பிடித்தால் அப்பளம் மாதிரி நெளியும். இன்னொன்று: தகரத்தைச் சுரண்டிய அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும். ராத்திரி அப்படியே விட்டால் காலையில் ஆரஞ்சுப் பூ பூத்திருக்கும். சிவப்பு பிரைமர் அடித்துவிட்டோமே என்று மாசக்கணக்கில் வாசலில் நிறுத்துவதும் அதே கதைதான். சிவப்பு பிரைமருக்குள் ஈரம் இறங்கும்.

சரி, இனி கலர்.

மைனர் 1948-இல் வந்து 1971 வரை ஓடிய காடி, பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். இத்தனை வருஷத்தில் நிறப் பட்டியல் பல தடவை மாறியது. வருஷம் பார்க்காமல் "மைனர் கலர்" என்று பிடிப்பது வழக்கமான தப்பு. ஊதா கலந்த லைலாக் படத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அது பத்து லட்சமாவது மைனரைக் கொண்டாட 1960 கடைசியில் தொடங்கிச் செய்த 350 காடிகளுக்கு மட்டும் பூசியது.

உங்கள் காடியே தன் கலரைச் சொல்லும், கேட்கத் தெரிய வேண்டும். 1952 முதல் 1958 வரை வந்ததாக இருந்தால் சேஸி எண்ணின் மூன்றாவது எழுத்தைப் பாருங்கள்: ஏ என்றால் கறுப்பு, பி சாம்பல், சி சிவப்பு, டி நீலம், இ பச்சை. அதற்குப் பிறகு வந்தவற்றின் எண்ணில் நிறம் இல்லை. இங்கிலாந்தில் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் பணம் கட்டினால் தொழிற்சாலைப் பதிவைப் பார்த்துச் சான்றிதழ் அனுப்புவார்கள். அதற்கும் முன்னால், பின் சீட்டைக் கழற்றுங்கள். குளோவ் பாக்ஸுக்குப் பின்னால், கதவு அட்டைக்கு உள்ளே பாருங்கள். பெயிண்டர் கை போகாத இடத்தில் பழைய நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே நடந்தது. சித்தப்பா, "சாம்பல்டா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். அத்தைக்கு ஆத்திரம்: "நான் அந்தக் காடியிலதான் ஸ்கூலுக்குப் போனேன். நீலம்!" நான் பூட் மூடியின் கீலுக்குப் பக்கத்தில் ஐம்பது சென் காசு அளவு இடத்தை நைசான தண்ணீர்ச் சாண்ட்பேப்பரால் மெதுவாகத் தேய்த்தேன். மரத்தை வெட்டினால் தெரியும் வளையம் மாதிரி, வெளியே நான் அடித்த கரும்பச்சை, அடுத்து சிவப்பு, பிறகு மெரூன், அதற்குள் க்ரீம். கடைசியில் பிரைமருக்கு மேலே ஒரு நிறம். சாம்பல் என்றால் சாம்பல், நீலம் என்றால் நீலம். பட்டியலைப் புரட்டினால் அதன் பெயர் ஸ்மோக் கிரே, மைனரைச் செய்த பி.எம்.சி. கம்பெனி கொடுத்த குறியீடோ பி.யூ.15. சாம்பல்களுக்கு ஜி.ஆர். என்றும் நீலங்களுக்கு பி.யூ. என்றும் எண் போட்டவர்கள், இதற்குப் பெயரைச் சாம்பலில் வைத்துவிட்டு எண்ணை நீலத்தில் வைத்திருக்கிறார்கள்.

குறியீடு கிடைத்துவிட்டது, அப்படியே கலக்கச் சொல்லலாம் என்று கடைக்கு ஓடாதீர்கள். ஒரே குறியீட்டை இரண்டு பெயிண்ட் கம்பெனி இரண்டு மாதிரி கலக்கும். கடைக்காரர் மெஷின் வைத்து அளக்கிறேன் என்றால், வெயிலில் வெளுத்த பானெட்டைக் காட்டாமல், மறைவான இடத்தை மெருகேற்றும் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து அங்கே அளக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு தகரத் துண்டில் நிஜமாகவே ஸ்ப்ரே அடித்து வாங்குங்கள். கடை டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் வெயிலில் வேறாகிவிடும். நான் அந்தத் துண்டை ஒரு வாரம் காடி டேஷ்போர்டில் வைத்துத் திரிந்தேன். காலையில் எஸ்பிளனேட் கடலோரத்தில் நீலம், மத்தியானம் கிட்டத்தட்ட வெள்ளை, சாயங்காலம் மழை மேகத்துக்குக் கீழே சாம்பல். அப்போதுதான் எனக்குக் கரும்பச்சை மறந்தது.

இரண்டாவது தடவை அடித்தவர் பட்டர்வொர்த்தில் இருக்கும் வயசான பெயிண்டர். குறித்த நாளில் போய் நின்றேன். மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கம்ப்ரஸர் டாங்கியின் அடித் திருகைத் திறந்து காட்டினார், ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியது.

"தம்பி, இன்னிக்கு அடிக்க மாட்டேன். நீங்க போய் டீ குடிங்க."

"அண்ணே, லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

"லீவு போட்டது நீங்க. மழை போடலியே."

பழைய செல்லுலோஸ் பெயிண்டில் தின்னர் வேகமாக ஆவியாகும். அதனால் தகரத்தின் மேல்பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதில் படியும், பெயிண்ட் பால் ஊற்றினது போல வெளுக்கும். மெதுவாகக் காயும் தின்னர் கலந்தால் ஓரளவு தப்பிக்கலாம், மழை நாளில் அடிக்காமல் இருப்பது இன்னும் சுலபம். ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பெயிண்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயைப் பிடித்தால் ஆயுசுக்கும் ஆஸ்துமா. கடையில் விற்கும் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளிக்காற்று குழாய் வழியாக வரும் முகமூடி வேண்டும். அடுப்படிக்குப் பக்கத்துக் கொட்டகையில் டூ-கே அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. டூ-கே அடித்தாலும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) இல்லாத வகையைக் கேளுங்கள். மைனர் ஒரே பூச்சில் வந்த காடி, மேலே கிளியர் ஏற்றினால் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும்.

கண்ணாடி ரப்பரைக் கழற்றாமல் டேப் ஒட்டி அடிப்பது, கதவு விளிம்பில் பழைய சிவப்பை விட்டுவிடுவது எல்லாம் சோம்பேறித்தனம், விளக்கம் தேவையில்லை. எல்லாக் காசையும் பெயிண்டில் கொட்டிவிட்டு முன் சக்கரம் திரும்பும் மூட்டான டிரன்னியனுக்கு கிரீஸ் அடிக்காமல் விடாதீர்கள். அதன் திரெட் தேய்ந்தால் சக்கரம் மடங்கிக் காடி மூக்கைத் தரையில் வைக்கும், புதுப் பெயிண்டோடு சேர்த்து.

கடைசியாக ஜேபிஜே, மலேசியாவின் சாலைப் போக்குவரத்து இலாகா. கிராண்டில் (காடியின் பதிவுச் சான்றில்) எழுதிய நிறமும் காடியின் நிறமும் ஒத்துப்போக வேண்டும். மாற்றினால் பதிந்தாக வேண்டும். பலர் இதை மறந்து ரோட் பிளாக்கில் முழிக்கிறார்கள். என் கிராண்டில் சிவப்பு என்று இருந்தது. ஸ்மோக் கிரே என்று சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, "கெலாபு கெ, பீரு?" என்று கேட்டார். சாம்பலா, நீலமா. எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

"பீரு" என்றேன். சித்தப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.