இதழியல் படிக்கப் போகும் நம் கடற்கரைப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிவு வரும் நேரத்தில் மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகள் யாராவது வந்து, "இதழியல் படிக்கலாமா அண்ணா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் படிக்கலாம். சில தவறுகளை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்.

சேரும் இடத்திலேயே ஒரு தவறு நடக்கிறது. விஸ்காமும் (காட்சித் தொடர்பியல்) இதழியலும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். விஸ்காமில் கேமரா, எடிட்டிங், விளம்பரம், டிசைன் ஆகியவற்றுக்குத்தான் இடம் அதிகம். செய்தி சேகரிப்பது, எழுதுவது, ஊடகச் சட்டம் இவையெல்லாம் இதழியலில்தான் வரும். பாடத்திட்டத்தை வாங்கி, எழுத்துக்கு எத்தனை தாள், கேமராவுக்கு எத்தனை தாள் என்று எண்ணிப் பாருங்கள். இளங்கலையில் இதழியல் கிடைக்கவில்லை என்றாலும் குடி முழுகிவிடாது. வேறு பட்டம் படித்தவர்களும் முதுகலையில் சேரலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதழியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. விலங்கியல் படித்துவிட்டு இதழியலுக்கு வருபவரை நான் கூடுதலாகவே வரவேற்பேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றியும் கடல் அட்டை பற்றியும் புரிந்து எழுத ஆள் வேண்டாமா?

அப்புறம், எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு ஒன்று. பல்கலைக்கழகம் போனதும் நம் பிள்ளைகள் சொந்தக் கரையின் சொற்களை மறந்துவிடுகிறார்கள். பயிற்சிக் காலத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். "படகுகள் கடலுக்குச் செல்லவில்லை" என்று ஒரு செய்தி எழுதிக் கொடுத்தேன். அதைப் படித்த என் மாமா, "எந்தப் படகுப்பா? விசைப்படகா, நாட்டுப்படகா? நாங்க போயிட்டு வந்துட்டோமே" என்றார். அவர் நாட்டுப்படகுக்காரர். அந்த ஒரு சொல்லை விட்டதில் செய்தியே பொய்யாகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்றால், அது விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகு அப்போதும் போகும். பாக் நீரிணையில் இரண்டு தரப்பும் நாள் பிரித்துக்கொண்டு தொழிலுக்குப் போவது எதனால், விசைப்படகுகள் கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை மேல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு ஏன் கோபம், அக்கரையில் யாழ்ப்பாணத்து மீனவர்களுக்கும் அதே கோபம் ஏன் இருக்கிறது என்பதெல்லாம் தெரியாமல், இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைப் பிடித்த கைதுச் செய்தி மட்டும் எழுதினால் பாதிக் கதைதான் வரும். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயர் தெரிந்தவரிடம்தான் கடலுக்குப் போகிறவர் மனம்விட்டுப் பேசுவார். வகுப்பில் எந்தப் பேராசிரியராலும் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. வீட்டில் இருக்கிறது, கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனில் 1-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினால் போதும், "ராமேஸ்வரத்துக்கு ஆபத்து" என்று வாட்ஸ்அப்பில் பறக்கவிடுகிறார்கள். 1-ஆம் எண் என்பது தொலைதூர எச்சரிக்கை. துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லை என்பதே அதன் பொருள். எண் கூடக் கூடத்தான் ஆபத்து கூடும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு துண்டுக் காகிதத்தில் அடங்கும் விஷயம் இது. தெரியாமல் எழுதினால் ஒரு கிராமமே ராத்திரி தூங்காது.

தனுஷ்கோடி ஆவணப்படம் எடுக்காத மாணவர் குறைவு. 1964 டிசம்பர் 22 இரவு ஊரை அழித்த புயல், அதில் கடலோடு போன ரயில், இடிந்த தேவாலயம், "பேய் நகரம்". சரி, எடுங்கள். ஆனால் ரயிலில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். இணையத்தில் முதலில் கண்ணில் பட்ட எண்ணைப் பின்னணிக் குரலில் உறுதியாகச் சொல்லிவிடாதீர்கள். அங்கே இன்றும் குடிசை போட்டுக் கரைவலை இழுக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைத் தாண்டி நடந்துபோய் இடிபாட்டை மட்டும் படம் பிடித்துவிட்டு ஆளில்லாத ஊர் என்று சொல்வது நியாயமே இல்லை.

பிரஸ் கார்டு வரட்டும் என்று காத்திருப்பதும் வீண். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இலிருந்து இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். மாணவரும் மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். குரல் பழக வேண்டுமா? 2016-இல் பாம்பனில் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலியைக் கேளுங்கள். சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி கிடையாது. ஆனால் மீனவரோடு மைக் முன்னால் எப்படிப் பேசுவது என்பதை அங்கே கவனிக்கலாம்.

கடைசியாகச் சொல்வதால் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி குற்றம். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். நம் கடற்கரைக் குடியிருப்புகள் சின்னவை. "கடல்பாசி எடுக்கும் தாயின் மகள், எட்டாம் வகுப்பு" என்று எழுதினாலே ஊருக்கு யாரென்று தெரிந்துவிடும். தாயின் தொழில், பள்ளி, தெரு, தேவாலயம், பள்ளிவாசல், கோயில் எதுவும் வேண்டாம். ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டு மாவட்டத்தோடு நிறுத்துங்கள்.