ராத்திரியில "ம்ம்ம்"னு ஒரு சத்தம் உங்களுக்கு மட்டும் கேக்குதா? இப்படித் தேடிப் பாருங்க

ஊரே அடங்கினப்புறம், தூரத்துல யாரோ லாரி இன்ஜினை ஆஃப் பண்ணாம நிறுத்தி வெச்ச மாதிரி ஒரு உறுமல், பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்குக் கேக்கல, உங்களுக்கு மட்டும் கேக்குதுன்னா பயப்படாதீங்க. உலகம் முழுக்க இப்படிக் கேக்கறவங்க இருக்காங்க.

முதல்ல சத்தம் வர்ற நேரத்துல மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, கூடவே இன்வெர்ட்டரையும், இதைத்தான் நிறைய பேர் மறந்துடறாங்க, கரண்ட் போனதும் அதுவே இரைய ஆரம்பிச்சுடும், அப்புறம் எல்லாம் குழப்பம்தான். சத்தம் நின்னுச்சுன்னா வீட்டுக்குள்ளதான் இருக்கு, ஃப்ரிட்ஜ்ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க.

நிக்கலைன்னா போன்ல ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போடுங்க, சத்தம் எத்தனை ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு எத்தனை தடவை அதிருதுன்னு கோடு போட்டுக் காட்டும். 100 ஹெர்ட்ஸ்ல கோடு நின்னா தெரு டிரான்ஸ்ஃபார்மர் மேல சந்தேகப்படலாம், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மர் அதுக்கு ரெண்டு மடங்குல முனகும். ஹெர்ட்ஸ் ரொம்பக் கம்மியா இருக்கற சத்தத்துக்கு போன் மைக்கை நம்பாதீங்க. அமெரிக்காவுல கோகோமோன்னு ஒரு ஊர்ல இதே மாதிரி சத்தத்தை 2003ல ஆராய்ஞ்சப்போ ஒரு ஃபேக்டரி கூலிங் டவர் ஃபேன்லேருந்து 36 ஹெர்ட்ஸ், இன்னொரு ஃபேக்டரி கம்ப்ரஸர்லேருந்து 10 ஹெர்ட்ஸ்னு கண்டுபிடிச்சாங்க. ரெண்டையும் சரி பண்ணினப்புறமும் சிலருக்குக் கேட்டுட்டேதான் இருந்துச்சு.

அதனால அடுத்த டெஸ்ட் முக்கியம், வேற ஊர்ல ஒரு ராத்திரி தங்குங்க. அங்கேயும் அதே சத்தம் கூடவே வந்தா அது பெரும்பாலும் காதுக்குள்ள உருவாகறது, இ.என்.டி. டாக்டரைப் பாருங்க. நாடித் துடிப்போட சேர்ந்து அடிச்சா தள்ளியே போடாதீங்க.

செல்போன் டவர்தான்னு சொல்றவங்களுக்கு: ரேடியோ அலையைக் காது உணர்றது நிஜம்தான், ஆலன் ஃப்ரேங்கற அமெரிக்க விஞ்ஞானி 1960கள் ஆரம்பத்துலயே எழுதிட்டார். ஆனா அதுக்கு ரேடார் மாதிரி விட்டு விட்டு அடிக்கற பலமான துடிப்பு வேணும், தலைக்குள்ள துளியூண்டு சூடாகி சட்டுனு விரியறப்போ வர்ற அழுத்தம்தான் டிக் டிக்னு கேக்கும். டவர்லேருந்து நம்மகிட்ட வந்து சேர்றதுக்கு அந்த பலம் கிடையாது.

வெளியிலேருந்துதான் வருதுன்னு ஆனா தேதி, மணி, காத்து எந்தப் பக்கம், எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க, அக்கம்பக்கத்துலயும் எழுதச் சொல்லுங்க. கனடாவுல வின்ட்சர் மக்கள் வருஷக்கணக்கா புகார் கொடுத்தாங்க, ஆத்துக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவுல ஸக் தீவுல இருக்கற இரும்பாலை மேலதான் சந்தேகம். 2020ல அங்க உலையை நிறுத்தினாங்க, சத்தமும் நின்னுடுச்சு.